இரண்டு துண்டும் ஒரு கிளினிக் கொப்பியும்: முதியவரின் பலவீன இதயத்துக்கு எந்த இரத்தப் பரிசோதனை?

களுதாவளையிலிருந்து ஒரு மகள் தன் தகப்பனை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெற்றிலைத் தோட்டக்காரர், வயது 78. மூன்று கிழமைக்கு முன் இரவில் மூச்சு முட்டி, படுக்க ஏலாமல், ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தவர். டயக்னோசிஸ் கார்டில் ஹார்ட் ஃபெயிலியர் (இதயச் செயலிழப்பு) என்றும், எக்கோவில் இதயம் இறைக்கும் அளவு 35 வீதம் என்றும் எழுதியிருந்தது. மகளின் கையில் இரண்டு துண்டு. ஒன்று கிளினிக் டொக்டர் எழுதியது: என்டி-ப்ரோபிஎன்பி, வெளியில் செய்துகொண்டு வரவும். மற்றது ஒரு தனியார் லேப்பின் ‘ஹார்ட் பெக்கேஜ்’ பட்டியல். ட்ரோபோனின், எஸ்டி2, கலெக்டின்-3 என்று வரிசையாக இருந்தது.

“மிஸ், எதைச் செய்ய? ரெண்டுக்கும் காசு காணாது.”

ஐயா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “நான் எத்தின நாளைக்கு இரிப்பன் எண்டு பாக்கிறதுக்கா இவ்வளவு காசு?”

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஐயா கேட்டதில்தான் விசயமே இருக்கிறது.

நான் டொக்டர் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரி லேப்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மருந்தைக் கூட்டு, குறை என்று சொல்வது என் வேலை கிடையாது. ஆனால் எந்த இலக்கத்தை எவ்வளவுக்கு நம்பலாம், எது வந்தால் டொக்டரின் பேனை அசையும், எது வந்தாலும் கொப்பியில் ஒட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள் என்பது பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. சில பரிசோதனைகள் வரப்போவதை மட்டும் சொல்லும். சில, இப்போது செய்யவேண்டியதைச் சொல்லும். இரண்டையும் சொல்பவை கொஞ்சம்தான். துண்டில் விலை ஏற ஏற முதல் வகைதான் கூடுகிறது.

டொக்டர் எழுதிய துண்டு

1981இல் கனடாவில் டி போல்ட் என்ற ஆய்வாளர் எலியின் இதய மேலறைத் திசுவிலிருந்து சாறு எடுத்து, வேறு எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். அந்த எலிகளுக்குச் சலம் சலமாய்ப் போனது, உப்பும் சேர்ந்து போனது. இரத்தத்தை இறைக்கிற இதயம் ஒரு சுரப்பியும்தான் என்று அப்போதுதான் தெரியவந்தது. 1988இல் ஜப்பானில் பன்றியின் மூளையிலிருந்து அதே குடும்பத்து இன்னொரு சுரப்பைப் பிரித்தெடுத்தார்கள். அதனால் அதன் ஆங்கிலப் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது. பிஎன்பியின் முதல் ‘பி’ அதுதான். பிறகு பார்த்தால் அது கூடுதலாக வருவது இதயத்தின் கீழறைகளிலிருந்து. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

உன்னிச்சைக் குளம் முட்டினால் வான் கதவு திறப்பார்கள். இதுவும் அப்படித்தான். உடம்பில் தண்ணீர் கட்டி கீழறைச் சுவர் இழுபடும்போது, சலமாக வெளியேற்றச் சொல்லி இதயமே இதைச் சுரக்கிறது. நாம் விழுங்கும் சலம் போற குளிசையின் வேலையை உடம்பு தானாகச் செய்யப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 கண்ணி உள்ள ஒரு புரதச் சங்கிலி இரண்டாக உடைகிறது. 32 கண்ணித் துண்டு பிஎன்பி, வேலை செய்வது அதுதான். மிச்சமான 76 கண்ணித் துண்டுதான் என்டி-ப்ரோபிஎன்பி. அது ஒரு வேலையும் செய்யாது, ஆனால் இரத்தத்தில் கூட நேரம் நிற்கும்.

அந்த நிற்கிற குணம் நம்முடைய ஊருக்குப் பெரிய காரியம். பிஎன்பி அறை வெப்பத்தில் சில மணித்தியாலத்திலேயே சிதையத் தொடங்கும். இரத்தத்தை இங்கே எடுத்து, 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் உள்ள தலைமை லேப்புக்கு அனுப்பும் சேகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அப்படியான இடத்தில் பிஎன்பி கொடுத்தால் இலக்கம் குறைந்து வர இடமுண்டு. என்டி-ப்ரோபிஎன்பி மூன்று நாள் வரை வெளியில் இருந்தாலும் பெரிதாகக் குழம்பாது. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் மட்டக்களப்பிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ கேட்பவருக்கு என் பதில் என்டி-ப்ரோபிஎன்பிதான். இன்னொரு காரணமும் உண்டு. சகுபிட்ரில் கலந்த புதிய குளிசை எடுப்பவர்களுக்கு, அந்த மருந்தே பிஎன்பியை உடைக்கும் நொதியைத் தடுப்பதால் பிஎன்பி வீணாகக் கூடிக் காட்டும். மற்றதை அது தொடாது. முதல் தடவை ஒன்றையும் அடுத்த தடவை மற்றதையும் எடுத்து இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். மாங்காயையும் தேங்காயையும் ஒரே கணக்கில் எண்ணுவது போலத்தான் அது.

சரி, இலக்கம் என்ன சொல்கிறது? மூச்சு முட்டி அவசரமாக வந்தவருக்கு என்டி-ப்ரோபிஎன்பி மில்லிலீற்றருக்கு 300 பிகோகிராமுக்குக் கீழே என்றால் இதயம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆம் என்று சொல்வதற்குத்தான் வயது பார்க்கவேண்டும்: 50க்குக் கீழ் 450, 50இலிருந்து 75 வரை 900, 75க்கு மேல் 1,800. வயது ஏற ஏற இயல்பாகவே இது கூடும். றிப்போட்டின் ஓரத்தில் 125 என்று ஒரேயொரு எல்லையைப் போட்டிருப்பார்கள். 80 வயதுப் பெத்தா ஒருவருக்கு 400 வந்து, சிவப்பில் அம்புக்குறியும் போட்டிருக்க, வீடே அழுதுகொண்டு என்னிடம் வந்திருக்கிறது. அந்தப் பெத்தா அன்று காலையில்தான் மா இடித்திருந்தார்.

வயது மட்டும் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தால் கூடும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் படபடத்தால், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் கூடும். உடம்பு பருத்தவருக்கு மாறாகக் குறையும். கால் வீங்கியிருக்கும், இலக்கம் சாதுவாக இருக்கும். முதிய பெண்களிடம் கூடுதலாகக் காணும் வகை ஒன்று உண்டு. எக்கோவில் இறைக்கும் அளவு நன்றாக இருக்கும், இதயச் சுவர் மட்டும் விறைத்துப்போயிருக்கும். அவர்களுக்கும் மற்றவர்களைவிட இலக்கம் குறைவாகத்தான் வரும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கத்தோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. அவரவர் இலக்கத்தை அவரவரின் பழைய இலக்கத்தோடுதான் வைத்துப் பார்க்கவேண்டும்.

வரப்போவதைச் சொல்வதில் தனி ஒரு பரிசோதனையாக இதை வெல்ல இன்னும் ஒன்று வரவில்லை. 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி, நாட்பட்ட இதயச் செயலிழப்பில் ஆபத்தை மட்டிட இதை மிக உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இருந்ததைவிட வீட்டுக்குப் போகும்போது 30 வீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நல்ல குறி. இறங்காமல் போகிறவர்கள் திரும்பவும் வார்ட்டுக்கு வருவதும் இறப்பதும் கூட. 30 வீதத்துக்குள் ஏறி இறங்கினால் அதைத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஒரே ஆளுக்கு, ஒரு மாற்றமும் இல்லாமலே அவ்வளவு ஆடும்.

ஆனால் மாதத்துக்கு ஒருதரம் எடுத்து அதன்படி மருந்தைக் கூட்டினால் ஆயுள் கூடுமா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த டைம்-சிஎச்எஃப் ஆய்வு முதியவர்களுக்காகவே செய்யப்பட்டது. 60 வயதுக்கு மேற்பட்ட 499 பேர். ஒரு பாதிக்கு இலக்கத்தைப் பார்த்து மருந்து, மறு பாதிக்கு நோய்க்குறியைப் பார்த்து மருந்து. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 75க்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நன்மை தெரிந்தது, 75க்கு மேலே தெரியவில்லை. 2017இல் கைட்-இட் என்ற ஆய்வு 894 பேரோடு, பயன் இல்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. பிறகு 2022இல் ஸ்ட்ரோங்-எச்எஃப் வந்தது. அதில் ஆஸ்பத்திரியிலிருந்து போனவர்களை அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்து, இரண்டே கிழமையில் மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் இதய நோயோடு திரும்பி வந்தவர்களும் சேர்த்து 23.3 வீதத்திலிருந்து 15.2 வீதமாகக் குறைந்தார்கள். அங்கே என்டி-ப்ரோபிஎன்பி இருந்தது, ஆனால் மருந்தைக் கூட்டுவது பாதுகாப்பாகப் போகிறதா என்று பார்க்கும் காவல்காரனாக. அடிக்கடி ஆளைக் கூப்பிட்டுப் பார்த்ததும் மருந்தை இழுத்தடிக்காததும்தான் பலன் தந்தது என்பது என் வாசிப்பு.

கொப்பியில் ஏற்கனவே இருப்பவை

மகள் இரண்டு துண்டையும் விரித்துப் பிடித்திருக்க, நான் ஐயாவின் கிளினிக் கொப்பியைக் கேட்டேன். பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, றப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். கடைசிப் பக்கங்களில் சிறுநீரகத்துக்குப் பார்க்கும் சீரம் கிரியேட்டினின், சோடியமும் பொட்டாசியமும் பார்க்கும் இலக்ட்ரோலைட்ஸ், இரத்த அணுக்களை எண்ணும் எஃப்பிசி. எல்லாம் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எடுத்தவை. ஒருவரும் இவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

மெஜிக் என்று ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. 30 ஆய்வுகள், 39,372 நோயாளிகளின் விபரங்களைச் சேர்த்து 2013இல் வெளியிட்டது. ஒருவர் ஒரு வருசம், மூன்று வருசம் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று 13 விசயங்களை வைத்துக் கணிக்கிறது: வயது, பிரஷர், எக்கோ, சீனி வருத்தம், புகைத்தல், இப்படிப் போகும். அந்த 13இல் இரத்தத்தில் பார்ப்பது ஒன்றே ஒன்று. கிரியேட்டினின். 2006இல் வந்த சியாட்டில் கணக்கில் சோடியம், ஹீமோகுளோபின், யூரிக் அமிலம், கொலஸ்ட்ரோல், லிம்ஃபோசைட் வீதம் வருகின்றன. எல்லாம் சாதாரண லேப்பில் பார்க்கிறவை. (கொலஸ்ட்ரோல் குறைந்திருப்பது அங்கே கெட்ட குறி. உடம்பு கரைகிறது என்று அர்த்தம். வெளியில் சொல்லும் பாடத்துக்கு நேர்மாறு.)

இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் 65,000க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி அனுமதிகளின் விபரத்தை வைத்து 2005இல் ஒரு எளிய மரம் வரைந்தார்கள். மூன்றே கேள்வி. இரத்தத்தில் யூரியா நைட்ரஜன் 43 மில்லிகிராமுக்கு மேலா, மேல் பிரஷர் 115க்குக் கீழா, கிரியேட்டினின் 2.75க்கு மேலா. முதல் இரண்டும் நல்லபடி இருந்தவர்களில் ஆஸ்பத்திரிக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 2 வீதம், மூன்றும் கெட்டிருந்தவர்களில் ஏறக்குறைய 22 வீதம். ஒரு கவனம்: நம்முடைய றிப்போட்டில் வருவது பெரும்பாலும் யூரியா, யூரியா நைட்ரஜன் அல்ல. அந்த 43, யூரியாவில் 92 மில்லிகிராம் அளவுக்கு வரும். மில்லிமோலில் 15 சொச்சம்.

கிரியேட்டினினில் முதியவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அது தசையிலிருந்து வருவது. மெலிந்துபோன ஆளுக்கு, சிறுநீரகம் கெட்டிருந்தாலும் இலக்கம் நல்ல பிள்ளை போல இருக்கும். 1.2 என்று ஒரே இலக்கம் 78 வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் வந்தால், இப்போது பாவிக்கும் கணக்கின்படி ஆணின் சிறுநீரக வடிகட்டல் 62 அளவில் நிற்கும், பெண்ணுடையது 46க்கு இறங்கிவிடும். லேப்பின் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அம்மா ஆட்களை அனுப்பிவிடுவது இதனால்தான் ஆபத்து. மறுபக்கம், இதயத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில் அல்லது லோசாட்டன் குளிசை தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. ‘மருந்து கிட்னியைப் பழுதாக்குது’ என்று யாரோ சொல்ல, நல்ல மருந்தைத் தாங்களாகவே நிறுத்தி மறுகா வார்ட்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

சோடியம் 135க்குக் கீழே இறங்கியிருந்தால் நோய் முற்றியதற்கு அது ஓர் அடையாளம். இங்கேதான் வீடுகளில் பெரிய பிழை நடக்கிறது. “சோடியம் குறைவாம்” என்று கேட்டதும், உப்புக் காணாது என்று நினைத்து கருவாட்டுக் குழம்பும் உப்புப் போட்ட கஞ்சியும் கொடுப்பார்கள். இந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் நடப்பது உப்புக் குறைவு அல்ல, தண்ணீர் கூடி உப்பு கரைந்துபோனது. டொக்டர் சொல்லாமல் உப்பைக் கூட்டினால் கால் அடுத்த நாளே வீங்கும்.

பொட்டாசியம் வரப்போவதைச் சொல்வதைவிட, இன்றைக்கே ஆளைக் கொல்லக்கூடியது. பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கும் சலம் போற குளிசையான ஸ்பைரோனோலக்டோன், இதயச் செயலிழப்பில் உயிர் காக்கும் என்று 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. டொக்டர்மார் எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதிய நோயாளிகள் ஆயிரத்துக்கு 2.4இலிருந்து 11 ஆனார்கள். மருந்து பிழையில்லை, இரத்தம் பார்க்காமல் கொடுத்ததுதான் பிழை. எங்கள் பக்கத்தில் இதோடு இளநீரும் சேரும். வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் செவ்விளநீர்க் குலையும் வாழைப்பழச் சீப்பும்தான் கொண்டுபோவார்கள். ஸ்பைரோனோலக்டோனும் லோசாட்டனும் சேர்த்து எடுக்கிற ஆளுக்கு அது பொட்டாசியத்தை மேலும் ஏற்றும்.

பொட்டாசியத்தில் பொய் இலக்கமும் வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் முன், வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையிலிருந்து இரத்தக் குழாய்கள் துறையில் பாதைக்கு (ஆள் ஏற்றும் மிதவைக்கு) காத்திருந்து வரும். வெயில், குலுக்கல். சுழற்றிப் பார்த்தால் மேலே நிற்கும் சீரம் வெளிறிய மஞ்சளாக இருக்கவேண்டியது, தேயிலைச் சாயம் மாதிரிச் சிவந்திருக்கும். சிவப்பணு உடைந்து உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருதரம் அப்படி ஒரு குழாயில் 6.4 வந்து, அவசரத்தில் யாரோ கவனிக்காமல் றிப்போட் போய்விட்டது. நோயாளியின் குளிசையை நிறுத்தி, வார்ட்டுக்கு அனுப்பத் தயாராகிவிட்டார்கள். திரும்பக் குத்தி எடுத்தால் 4.6. ஆகவே குளிசை மாற்றம் ஒன்றும் இல்லாமல் திடீரென்று பொட்டாசியம் ஏறி வந்தால் இன்னொரு தரம் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் இல்லை.

எஃப்பிசியில் ஒருவரும் வாசிக்காத ஒரு வரி இருக்கிறது: ஆர்டிடபிள்யூ. சிவப்பணுக்கள் ஒரே அளவா, சின்னதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கிறதா என்று சொல்வது. 2007இல் சார்ம் என்ற இதயச் செயலிழப்பு ஆய்வின் நோயாளிகளிடம் 36 லேப் அளவுகளை வைத்துப் பார்த்தபோது, மரணத்தோடும் ஆஸ்பத்திரி அனுமதியோடும் மிக நெருங்கி நின்றது இந்த வரிதான். அதைக் குறைக்க மருந்து கிடையாது. ஆனால் அது கூடியிருந்தால் இரும்பைப் பார் என்று ஒரு சைகை. ஐயாவின் கொப்பியில் ஆர்டிடபிள்யூ 17.1, ஹீமோகுளோபின் 10.8 என்று இருந்தது. இரண்டு துண்டிலும் இரும்பு இல்லை.

ஒருவரும் எழுதாதது

இதயச் செயலிழப்பில் இரும்புக் குறைவுக்கு வேறு அளவுகோல். சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100க்குக் கீழே, அல்லது அது 100க்கும் 299க்கும் இடையில் இருந்து, இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவு 20 வீதத்துக்குக் கீழே. லேப்பின் சாதாரண எல்லை 30இல் தொடங்கும், ஆகவே 60, 70 வந்தால் றிப்போட்டில் அம்புக்குறி விழாது. எல்லோரும் நல்லது என்று மடித்து வைத்துவிடுவார்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வாயால் குடிக்கும் இரும்புக் குளிசையை 225 நோயாளிகளிடம் சோதித்த 2017 ஆய்வில், நடக்கும் திறனில் முன்னேற்றம் இல்லை. ஊசி வழியாக ஏற்றினால் கதை வேறு. 2009இலிருந்து வந்த ஆய்வுகளில், இறைக்கும் அளவு குறைந்தவர்களுக்கு இளைப்பும் களைப்பும் குறைந்தன; 2020இல் அஃபர்ம் ஆய்வில் இதய நோய்க்காகத் திரும்பச் சேர்வதும் குறைந்தது, ஆனால் இறப்பில் மாற்றம் தெரியவில்லை. அதற்கும் அப்பால், 78 வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால் அது எங்கே போகிறது என்று தேடவேண்டும். அஸ்பிரினால் வயிற்றில் கசிகிறதா, குடலில் ஏதும் இருக்கிறதா. ஒரு பரிசோதனை, அதற்குப் பின்னால் செய்வதற்கு இரண்டு மூன்று காரியம். இப்படி வழி காட்டும் இலக்கத்துக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

பெக்கேஜ்

இதில் அதிகம் மினக்கெடத் தேவையில்லை. ட்ரோபோனின், இதயத் தசை சேதப்பட்டால் இரத்தத்தில் வரும் புரதம். அதற்கான புதிய பரிசோதனை மிகவும் கூர்மை. 2007இல் ஒரு பெரிய ஆய்வில், நாட்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் பழைய முறையில் 10 வீதத்தினரிடம்தான் ட்ரோபோனின் தெரிந்தது. புதிய முறையில் 92 வீதத்தினரிடம் தெரிந்தது. கூட இருந்தவர்களுக்கு ஆபத்தும் கூட. ஆனால் நெஞ்சு நோ ஒன்றும் இல்லாமல் வீட்டிலிருக்கும் முதியவருக்கு எடுத்தால், எல்லையான 14ஐத் தாண்டி வரக்கூடும், மாரடைப்பு என்று குடும்பமே பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடும். நெஞ்சு நோ என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே அவர்களே எடுப்பார்கள்.

இதயச் சுவர் இழுபடும்போது இரத்தத்தில் ஏறும் புரதமான எஸ்டி2 நல்ல பரிசோதனைதான். வயது, உடம்புப் பருமன், சிறுநீரகம் இதை அவ்வளவு குழப்புவதில்லை. 35க்கு மேலே போனால் ஆபத்து கூட. கலெக்டின்-3 இதயத்தில் தழும்பு விழுவதைச் சொல்லும், சிறுநீரகம் தளர்ந்தால் அதுவும் ஏறும். இரண்டும் ஆராய்ச்சிக்கு அழகு. கூடி வந்தால் கொடுக்க என்று தனி மருந்து இல்லை, குறைந்து வந்தால் நிறுத்த ஒன்றும் இல்லை.

சிஏ-125 பற்றி ஒரு வார்த்தை. கருப்பைப் பக்கத்துப் புற்றுநோய்க்குப் பார்க்கும் பரிசோதனை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். உடம்பில் தண்ணீர் கட்டினாலும் அது ஏறும். ஸ்பெயினில் அதை வைத்து இதய நோயாளிகளுக்கு மருந்து சரிப்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள். இதய நோயுள்ள ஒரு மாமிக்கு யாரோ சும்மா எடுத்துப் பார்த்து, இலக்கம் ஏறியிருக்க, புற்றுநோய் என்று மூன்று கிழமை வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐயாவுக்கு என்ன சொன்னேன்

பெக்கேஜை விடச் சொன்னேன். டொக்டர் எழுதிய துண்டைக் கேட்காமல் விடக்கூடாது. எதற்காக எழுதினார் என்று அடுத்த கிளினிக்கில் கேட்கச் சொன்னேன், ஹீமோகுளோபினையும் ஆர்டிடபிள்யூவையும் காட்டி இரும்பு பார்க்கலாமா என்றும். ஒன்றுக்குத்தான் காசு என்றால், இந்த ஐயாவுக்கு இரும்புதான் என்பது என் எண்ணம். கால் வீக்கம் வற்றி, செருப்பு வார் அழுத்திய தழும்பும் மறைந்திருந்தது. இதயம் பலவீனம் என்பது எக்கோவிலேயே தெரிந்ததுதான். வீங்கிக்கொண்டு, இளைத்துக்கொண்டு, இது இதயமா நெஞ்சுச் சளியா என்று தெரியாமல் வந்திருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

அடுத்த கிளினிக்கில் கேட்டபோது டொக்டர் கோபிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று எடுத்த என்டி-ப்ரோபிஎன்பி இலக்கம் 6,240 டயக்னோசிஸ் கார்டில் இருந்தது. வற்றிய நிலையில் எவ்வளவு என்று தெரிந்தால் அடுத்த தடவை மூச்சு முட்டும்போது ஒப்பிடலாம் என்பதற்காகத்தான் எழுதினாராம். நியாயம். அந்தக் காரணத்தைத் துண்டில் அரை வரி எழுதியிருந்தால் ஓட்டோக் காசு மிச்சம். இரும்பும் எழுதிக் கொடுத்தார். சின்ன மகனும் காசு போட, இரண்டும் செய்வதென்று முடிவானது. முடிக்கு என்று மகள் வாங்கிய பயோட்டின் குளிசையை ஐயாவும் விழுங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. கூடிய அளவில் எடுத்தால் சில இயந்திரங்களில் அது என்டி-ப்ரோபிஎன்பி இலக்கத்தைப் பொய்யாகக் குறைக்கும். லேப்பில் விசாரித்து, சில நாள் நிறுத்தி வைத்து எடுக்கச் சொன்னேன்.

என்டி-ப்ரோபிஎன்பி 2,910. பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஃபெரிட்டின் 61, செறிவு 14 வீதம். றிப்போட்டில் ஃபெரிட்டினுக்கு அம்புக்குறி இல்லை.

ஐயா தன் கேள்வியை விடவில்லை. “அப்ப எத்தின நாள் மிஸ்?” இந்த இலக்கம் உள்ள நூறு பேரில் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லலாம், அந்த நூறில் நீங்கள் எந்த ஆள் என்று இரத்தம் சொல்லாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த மாரியில் கொடி நடலாமா என்று கேட்டார். குனிந்து மண் வெட்டாமல் ஆள் வைத்து நட்டால் நடலாம் என்று டொக்டர் பிறகு சொன்னதாக மகள் சொன்னாள்.

இரண்டு துண்டிலும் இல்லாத இன்னொன்றையும் வாங்கச் சொல்லியிருந்தேன்: நிறை பார்க்கும் தராசு. காலையில் சலம் போய்விட்டு, சாப்பிடும் முன், ஒரே மாதிரிச் சாரத்தோடு ஏறி நிற்கவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் தண்ணீர் கட்டுகிறது. கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் போகவேண்டும். ஐயா அதை வெற்றிலைக் கட்டுக் கணக்கு எழுதும் கொப்பியிலேயே, எதிர்ப்பக்கத்தில் எழுதி வருகிறார். போன கிழமை மகள் படம் எடுத்து அனுப்பினாள். 52.4, 52.2, 52.3, பிறகு ஒரு நாள் 53.1. பக்கத்தில் சின்னதாக, ‘கலியாண வீடு’ என்று எழுதியிருந்தது.